ஆடிப்பெருக்கு வழிநடையும் சாமை வேளாண்மையும்: கொல்லிமலையின் பருவ ஒழுங்கு பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஆடி 18ஆம் நாளையொட்டி நிகழும் வழிநடை வழிபாடு, பெரும்பாலும் சமவெளியின் காவிரிப் பெருக்கு விழாவினுடைய மலைப்பகுதி வடிவமாகவே கருதப்படுகிறது. மலைவாழ் மக்களின் சிறுதானிய வேளாண் ஆண்டோடு இணைத்துப் பார்க்கும்போது அந்நாள் வேறொரு பொருளும் உடையதாகத் தோன்றுகிறது. சமவெளிக்கு அது விதைப்பின் வாயில். மலைக்கு அது விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலம். மரவள்ளி பரவியதாலும் சாலைப் போக்குவரத்து வளர்ந்ததாலும் இவ்விரண்டாம் பொருள் மங்கி வருவதை இக்கட்டுரை விளக்குகிறது. வழித்தடப் பெயர்களையும் வேளாண் சொற்களையும் ஒருங்கே தொகுக்க வேண்டிய தேவையையும் வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, ஆடிப்பெருக்கு, வழிநடை, சாமை, புனக்காவல், பொழுது, மரவள்ளி.

1. முன்னுரை

தமிழ் இலக்கிய ஆய்வில் கொல்லிமலை நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் பெயர். வல்வில் ஓரியின் மலையாகவும், கொல்லிப்பாவை உறையும் இடமாகவும் சங்கப் பாடல்கள் அதனைச் சுட்டுகின்றன. முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தி கல்லாடனாரின் அகநானூற்றுப் பாடலால் (209) அறியப்படுகிறது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, வள்ளல்கள் எழுவருள் ஒருவனாக ஓரியைப் போற்றுகிறது. தேவாரம் குறிப்பிடும் வைப்புத் தலங்களுள் ஒன்றாக அறப்பள்ளி விளங்குகிறது. பிற்காலத்தே அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் இயற்றினார்.

இவ்வளவு நீண்ட இலக்கியத் தொடர்ச்சி இருந்தும், ஆய்வாளர்கள் கொல்லிமலையைப் பெரும்பாலும் ஓர் இடப்பெயராகவே கையாண்டுள்ளனர். தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகக் கூறுகிறது. இவற்றுள் நிலத்திற்குக் கிடைத்த கவனம் பொழுதிற்குக் கிடைக்கவில்லை. ஒரு மலைநிலத்தின் பொழுதை அறிய, அங்கு மக்கள் எப்போது, எதற்காக, எவ்வழியே நடந்தனர் என்பதை ஆராய்வது பயனுள்ள முறையாகும். அம்முறையில் ஆடிப்பெருக்கு வழிநடையை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மலையும் மக்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. மலைமேல் உள்ள ஊர்கள் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரையிலான உயரத்தில் அமைந்தவை. மேற்பரப்பு முழுதும் சமநிலமன்று. குன்றுகளுக்கிடையே பள்ளத்தாக்குகள் விரவியுள்ளன. பள்ளங்களில் நெல் வயல்களும், சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு விளையும் கொல்லைகளும், வீடுகளைச் சுற்றிப் பலா, மலைவாழை, மிளகு, காப்பி ஆகியனவும் காணப்படுகின்றன.

இங்கு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்குவது. கேரளத்து மொழியோடு தொடர்புடையதன்று. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களின் தோற்றக்கதை. இக்கதையும் ஒரு நடையையே தொடக்கமாகக் கொண்டிருப்பது கருதத்தக்கது. வாழிடங்கள் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. பழைய ‘நாடு’ என்னும் நிலப்பிரிவுச் சொல் இன்றும் ஊராட்சிப் பெயர்களில் உயிரோடிருப்பது மொழியாய்வாளர் கவனத்திற்குரியது.

3. ஆடிப்பெருக்கு வழிநடை

வளப்பூர் நாட்டுப் பெரியகோயிலூரில் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. இறைவி அறம்வளர்த்த நாயகி. கோயிலை அடுத்து ஓடும் ஐயாறு, ஆகாய கங்கை அருவியாக ஏறத்தாழ 300 அடி வீழ்ந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகச் சமவெளியை அடைகிறது. ஆடி 18ஆம் நாளில் அருவியிலும் ஆற்றிலும் நீராடி, ஆற்று மீன்களுக்கு உணவிட்டு, இறைவனை வழிபடுவது மரபு. ஆடி 17, 18 ஆகிய நாள்களில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழாவும் மலைமேல் நடைபெறுகிறது.

சாலை அமையும் முன் அடிவாரத்து மக்கள் மலைக்கு நடந்தே ஏறினர். ஆற்றின் போக்கை எதிர்த்து ஏறும் புளியஞ்சோலை வழி, இன்றும் நடப்போரால் அறியப்பட்ட ஒன்று. இவ்வழியின் அமைப்பிலேயே விழாவின் கருத்து அடங்கியுள்ளது. காவிரிக் கரையில் பெருக்கை வரவேற்பவர் ஓரிடத்தில் நின்று, வரும் நீரை எதிர்கொள்கிறார். கொல்லிமலைக்கு ஏறுபவரோ நீர் வரும் வழியே நடந்து, அதன் பிறப்பிடம் நோக்கிச் செல்கிறார். முன்னது வரவேற்பு; பின்னது தேடிச் செல்லல்.

வழிநடையை இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். ஆற்றுப்படை நூல்கள் வழிகாட்டலையே கட்டமைப்பாகக் கொண்டவை. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், நன்னனின் செங்கண்மாவை நோக்கிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களையும், வழியில் கிடைக்கும் உணவையும், விருந்தோம்பும் குடிகளையும் முறையாக எடுத்துரைக்கிறது. வன்பரணர் ஓரியைப் பாடிய புறப்பாடலிலும் (152) காட்டில் செல்லும் இரவலரே கொல்லித் தலைவனை இன்னான் என்று அறியாமல் எதிர்ப்படுகின்றனர். மலையை நடந்து அறிதல் என்பது இம்மரபின் அடிப்படை.

4. ஒரு நாள், இரு பொருள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி சமவெளி உழவனின் காலக்கணக்கு. ஆறு பெருகும்; நிலம் நனையும்; விதைப்புத் தொடங்கும். ஆகவே ஆடி 18 சமவெளியில் வேளாண் ஆண்டின் வாயிலாக அமைகிறது. 1934இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்த பின்னர்க் காவிரியின் பெருக்கு அணைத் திறப்பைச் சார்ந்ததாயிற்று. எனினும் விழாவின் பொருள் மாறவில்லை.

கொல்லிமலையின் கணக்கு வேறு. மானாவாரிச் சரிவுகளில் சாமையின் விதைப்பு கோடைமழையையும் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தையும் ஒட்டி முன்னரே நிகழ்வது. எனவே ஆடி 18 வரும்போது கொல்லையில் பயிர் நிற்கிறது. களையெடுப்பு நடந்துகொண்டோ முடிந்தோ இருக்கும், கதிர் முற்றவில்லை, அறுவடைக்கு நாள் உள்ளது. உழைப்பின் இரு உச்சங்களுக்கு நடுவே அமைந்த நாள் அது. சமவெளியார்க்கு எதிர்பார்ப்பின் தொடக்கமாக உள்ள நாள், மலையார்க்கு நின்ற பயிரின் நலம் வேண்டும் நாளாகிறது.

அறப்பளீசுவரர் கோயில் தலக்கதை இதற்கு அரண் செய்கிறது. நிலத்தை உழுதபோது கொழுமுனை பட்டு இலிங்கம் வெளிப்பட்டது என்பது அக்கதை. ஏரால் வெளிப்பட்ட இறைவனைப் பயிர் நிற்கும் காலத்தில் வழிபடுவதில் உள்ள இயைபு தற்செயலானதெனத் தோன்றவில்லை. விழாவைக் காவிரிச் சடங்கின் நீட்சியாக மட்டும் விளக்கும்போது இவ்வியைபு விடுபட்டுப் போகிறது.

இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. மலையேறும் சமவெளியாரும் மலையில் வாழ்வோரும் ஒரே ஆற்றில், ஒரே நாளில், தத்தம் வேளாண் நிலைக்கேற்ற வேண்டுதலோடு நீராடுகின்றனர். இந்தச் சந்திப்பே விழாவின் உயிர்ப்பு எனலாம்.

5. ஆண்டு முழுதும் நிகழ்ந்த நடைகள்

ஆடி வழிநடை தனித்து நின்ற ஒன்றன்று; அன்றாட நடைகளின் தொடரில் அதுவும் ஒன்று. அவற்றை மூவகைப்படுத்தலாம். முதலாவது, வீட்டிற்கும் கொல்லைக்கும் இடையிலான நடை. கதிர் பிடிக்கும் பருவத்தில் இது நாள்தோறும் நீண்ட காவலாக மாறும். குருவி ஓட்டுதலும், பரண்மேல் இருந்து காத்தலும் குறிஞ்சித் திணைப் பாடல்களின் புனக்காவலை நினைவூட்டுவன. இரண்டாவது, நாடுகளுக்கிடையே மணம், இறப்பு, கோயில் நோன்பு ஆகியவற்றிற்காக நிகழும் உறவு நடை. மூன்றாவது, சந்தை நடை. மலைமேல் சோளக்காட்டுச் சந்தையும், அடிவாரத்தில் பேளுக்குறிச்சி, சேந்தமங்கலம் பகுதிகளும் மலை விளைபொருளைச் சமவெளியோடு இணைத்தன. பலாவும் மிளகும் தலைச்சுமையாக இறங்கின. உப்பும் துணியும் ஏறின.

இம்மூன்றும் பயிரின் பருவத்தைப் பின்பற்றியவை. விதைப்புக் காலத்தில் முதலாவது மிகும். அறுவடைக்குப் பின் மற்ற இரண்டும் மிகும். பயிரே நடையை ஒழுங்குபடுத்தியது என்பது இதனால் பெறப்படும்.

6. மரவள்ளியும் சாலையும்

அவ்வொழுங்கை இரண்டு மாற்றங்கள் கலைத்தன. ஒன்று, குச்சிக்கிழங்கு என வழங்கப்படும் மரவள்ளியின் பரவல். சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகள் அதற்கு நிலையான தேவையை உண்டாக்கின. சாமைக்கு அத்தகைய வருவாய் இல்லை. அதனை உரலில் இட்டுக் குற்றிப் புடைக்கும் உழைப்பும் பெண்கள்மேல் விழுந்தது. நியாயவிலைக் கடை அரிசி எளிதில் கிடைத்தபோது சாமை அன்றாட உணவு என்ற நிலையிலிருந்து விலகியது.

இம்மாற்றத்தின் பண்பாட்டு விளைவு பயிரின் கால அளவில் உள்ளது. சாமை சில மாதங்களில் விளைந்து அறுவடையாகும். மரவள்ளியோ ஏறத்தாழ 10 மாதங்கள் நிலத்தில் நிற்கும். அதற்குக் குருவிக் காவல் இல்லை, கதிரறுப்பு இல்லை, களத்துமேடு இல்லை, அடுத்த ஆண்டுக்கு விதைத் தானியம் காக்கும் குதிர் இல்லை. கிழங்கு பிடுங்கப்பட்டவுடன் சரக்குந்தில் ஏறி இறங்கிவிடுகிறது. ஆகவே மரவள்ளி விளையும் கொல்லையில் ஆடி 18, பயிரின் எந்தக் கட்டத்தையும் குறிப்பதில்லை. நாள் அப்படியே உள்ளது. அதன் வேளாண் பொருள் நழுவுகிறது.

மற்றொன்று சாலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையும், பின்னர் முள்ளுக்குறிச்சி வழியாக அமைந்த சாலையும் மலைப்பயணத்தை எளிதாக்கின. இதனை இழப்பென்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. நோயாளியைத் தூளியில் சுமந்து இறங்கியவர்க்கும், விளைச்சலைத் தலையில் சுமந்தவர்க்கும் சாலை பெரும் விடுதலை. ஆனால் வழித்தடம் கைவிடப்படும்போது அதனோடு இணைந்த பெயர்களும் வழக்கிழக்கின்றன. பாறை, ஊற்று, இளைப்பாறும் மேடு, எல்லைச்சாமி நிற்கும் திருப்பம் ஆகிய ஒவ்வொன்றும் நடப்பவர்க்கே பெயரால் அழைக்கத் தேவைப்படுபவை. பேருந்தில் செல்பவர்க்கு வளைவின் எண் போதும்.

7. சொல் அழிவும் ஆய்வுக் கடமையும்

மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாசாமை, செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை என மலையில் வழங்கும் வகைப்பெயர்கள் பயிரியல் வேறுபாட்டை மட்டுமன்றி மக்களின் வகைப்பாட்டறிவையும் காட்டுவன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குச் சிறுதானிய மீட்பில் ஈடுபட்டு, விதை வங்கிகளையும் அரைவை வசதிகளையும் மகளிர் குழுக்களோடு இணைத்துள்ளது. 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததும் இத்தானியங்களின் மதிப்பை உயர்த்தியது.

விதையை மீட்பது வேளாண் அறிவியலின் பணி. விதையோடு இயங்கிய சொல்லையும் பொழுதையும் மீட்பது தமிழாய்வின் பணி. மல்லியச்சாமையின் விதை குளிர்பதனப் பேழையில் காக்கப்படலாம். அது எந்த மழையில் விதைக்கப்பட்டது, எவ்வழியே வீடு வந்தது, எந்த நோன்பில் முதலில் படைக்கப்பட்டது என்பன முதியோரின் நினைவிலேயே உள்ளன. அவற்றைத் தொகுப்பதற்கு வினாநிரல் மட்டும் போதாது. முதியோரோடு பழைய தடத்தில் நடந்து, பெயர் நினைவுக்கு வரும் இடத்திலேயே அதனைப் பதிவுசெய்யும் முறை வேண்டும். இடப்பெயர், பயிர்ப்பெயர், மாதம், சடங்கு ஆகிய நான்கையும் ஒரே பதிவில் இணைக்கும்போதுதான் நிலமும் பொழுதும் ஒருங்கே கிடைக்கும்.

8. முடிவுகள்

1. கொல்லிமலை ஆடிப்பெருக்கு வழிநடையைக் காவிரி விழாவின் மலைவடிவமாக மட்டும் கொள்வது முழுமையாகாது. சமவெளியின் விதைப்புக் காலமும் மலையின் பயிர் நிலைக் காலமும் சந்திக்கும் நாளாக அதனைக் கொள்வது பொருந்தும்.

2. கொல்லை நடை, உறவு நடை, சந்தை நடை ஆகிய மூன்றும் சிறுதானியப் பருவத்தால் ஒழுங்குபட்டவை. ஆடி வழிநடையை அத்தொடரில் வைத்தே பொருள்கொள்ள வேண்டும்.

3. மரவள்ளியின் நீண்ட பயிர்க்காலமும் சாலைப் போக்குவரத்தும் விழா நாளை அதன் வேளாண் பொருளிலிருந்து பிரித்து வருகின்றன. விழாவிற்கு வரும் கூட்டம் பெருகுவது மரபு நிலைபெற்றதற்குச் சான்றாகாது.

4. வழித்தடப் பெயர்களும் சிறுதானிய வழக்குச் சொற்களும் ஒருங்கே தொகுக்கப்பட்டால், குறிஞ்சியின் பெரும்பொழுதைப் பற்றிய இலக்கண உரையாடலுக்கு வாழும் சான்று கிடைக்கும். தடத்தை நடந்தறிந்த தலைமுறை இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பெற வேண்டும்.