மருத்துவச் சொல்லைப் பிரித்துப் படிப்போம்

செங்கல்பட்டு என்னும் பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் மரூஉ என்பர். செம்மையும் கழுநீரும் சேரும்போது செம்மை 'செங்' எனத் திரிந்தது. மாமல்லபுரமோ, மாமல்லன் என விருதுப்பெயர் பூண்ட முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனது புரம். வேற்றுமையுருபு தொக்கு நிற்கிறது. ஊர்ப்பெயரை இவ்வாறு பிரித்தறியும் நமக்கு டிஸ்சார்ஜ் குறிப்பிலுள்ள நெடிய சொற்களும் எட்டாதவை அல்ல.

அவற்றுட் பல இலத்தீன் தொகைச்சொற்கள். தமிழிற்போலவே அங்கும் பெரும்பாலும் அடை முன்னும் தலைமைச்சொல் பின்னும் நிற்கும். சொல்லின் வடிவமும் திரியும். தலையைக் குறிக்கும் 'கபுத்' என்னும் சொல் தொகையில் 'செப்ஸ்' ஆகும். 'பை' என்பது இரண்டு. வலையிழுக்கும் நம் கடற்கரை மீனவரின் மேற்கையில் புடைத்து நிற்கும் 'பைசெப்ஸ்' தசைக்குத் தோள்பட்டை எலும்பில் தொடங்கும் இரு தலைகள் உண்டு. ஆயினும் அச்சொல் தலையைக் குறியாது, இருதலை உடைய தசையையே குறிக்கிறது. பொற்றொடி என்பது வளையலைக் குறியாது அதை அணிந்தவளைக் குறிப்பது போல, இதுவும் அன்மொழித்தொகையே! பள்ளியில் நாம் அஞ்சிய இலக்கணம் உடற்கூற்றியல் வகுப்பில் மீண்டும் எதிர்ப்படும் என்று அன்று எண்ணவில்லை. குடல்வாலுக்கு வழங்கும் 'வெர்மிஃபார்ம்' என்னும் அடையோ, புழுப்போன்ற வடிவம் என விரியும் உவமைத்தொகை.

கிரேக்கத் தொகைகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 'ஹைப்பர்' என்றால் மேல். 'ஹைப்போ' என்றால் கீழ். 'கிளைசீமியா' இரத்தச் சர்க்கரையைக் குறிக்கும். ஓரிரு எழுத்து வேறுபாடுதான்; ஆனால் 'ஹைப்போகிளைசீமியா' என்று எழுதியிருந்ததை மாற்றிப் பொருள் கொண்டு, வியர்த்து நடுங்கிய முதியவருக்கு இனிப்பை மறுத்த குடும்பத்தாரை நாம் கண்டிருக்கிறோம். சர்க்கரை நோயாளி ஆயிற்றே என்பது அவர்கள் அச்சம். அந்நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்த மருந்தே சர்க்கரைதான்.

நீரிழிவுக்கு மருந்து கொள்வோருக்கு இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், நினைவு தெளிவாக இருக்கும்போதே 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். குறைவாகவே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108 ஆம்புலன்சை அழையுங்கள்.