வெளிநாட்டிலிருந்து திரும்பும் மாணவரா? டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க!

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும் பலர், "ஸ்கூல் விஷயத்தை வந்ததும் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளை என்றால் அப்படி விட வேண்டாம். பள்ளியில் இடம் கிடைப்பது வேறு. பொதுத்தேர்வு எழுதத் தகுதி கிடைப்பது வேறு.

எந்த வகுப்பில் திரும்புவது நல்லது?

சிபிஎஸ்இ-யில் 9, 10 இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு. 11, 12-ம் அப்படித்தான். 9-லும் 11-லும் மாணவரின் பெயர் வாரியத்தில் பதிவாகும். அதனால் 10-லோ 12-லோ புதிதாக நுழைவது கடினம்.

ஒரு உதாரணம்: ஷார்ஜாவில் சிபிஎஸ்இ பள்ளியில் 11 முடித்த மாணவி, அப்பாவின் வேலை மாற்றத்தைக் காட்டி, வாரிய அனுமதியுடன் சென்னை சிபிஎஸ்இ பள்ளியில் 12-ல் சேரலாம். அதே மாணவி அங்கே பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படித்துவிட்டுப் பாதியில் வந்தால், மறுபடி 11-லிருந்து தொடங்க வேண்டி வரலாம். ஒரு வருஷம் போச்சு! 8 முடித்தோ 10 முடித்தோ திரும்பினால் இந்தச் சிக்கல் குறையும்.

10-ஐ வெளிநாட்டு வாரியத்தில் முடித்திருந்தால்?

ஐஜிசிஎஸ்இ, ஓ லெவல் போன்ற தேர்வுகள் இங்குள்ள 10-ஆம் வகுப்புக்குச் சமமா என்பதை 11-ல் சேரும் முன்பே பள்ளி மூலம் உறுதி செய்யுங்கள். எத்தனை பாடம், என்ன கிரேடு என்பதும் முக்கியம்.

தமிழ்த்தாள் மறக்காதீங்க

மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ஆம் வகுப்புக்குத் தமிழ் ஒரு தாள். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. வெளிநாட்டில் இந்தியோ பிரெஞ்சோ படித்த பிள்ளை என்றால், சேர்க்கையின்போதே தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். தேர்வு நெருங்கும்போது கேட்டால் தாமதம்.

கையில் இருக்க வேண்டியவை

• மாற்றுச் சான்றிதழ் (டி.சி.). கடைசியாகத் தேர்ச்சி பெற்ற வகுப்பு தெளிவாக இருக்க வேண்டும்.
• கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல்.
• பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா எனப் பாருங்கள்.
• சான்றொப்பம். சிங்கப்பூர் 2021 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அங்கேயே அப்போஸ்டில் முத்திரை வாங்கலாம். அமீரகம் என்றால் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் சான்றொப்பம் பெறுங்கள். ஊருக்கு வந்தபின் இதை வாங்குவது பெரிய அலைச்சல்.

வழி அடைபட்டுவிட்டால்?

தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) இருக்கிறது. 14 வயது நிறைந்தவர் 10-ஆம் வகுப்புக்கும், 10 தேர்ச்சி பெற்ற 15 வயது நிறைந்தவர் 12-ஆம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. மேற்படிப்புக்கும் இந்தச் சான்றிதழ் செல்லும்.

சேரப்போகும் பள்ளிக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்தப் பிள்ளை எந்த ஆண்டு, எந்தப் பொதுத்தேர்வு எழுத முடியும்?" பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு டிக்கெட் போடலாம்.