‘ஒண்ணும் பண்ணாது, வாங்க’

புதுச்சேரிப் பக்கம் ஏம்பலத்தில் எங்கள் கொல்லை ஊரை விட்டுத் தள்ளி, சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது. மல்லாட்டையும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். ராத்திரியில் பன்றியை விரட்டவும், மோட்டார் ஒயரை அறுக்க வருகிறவனை அண்டவிடாமல் வைக்கவும் கொட்டகையில் எப்போதும் ஒரு நாய் உண்டு. ஆள் வந்தால் குரைப்பதுதான் அதன் வேலை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் வேலியோரம் நிற்பவரிடம், "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்கிறோம். சொல்லும்போது நம் கண் வந்தவர் மேல் இருக்கும். அவரும் நம்மை நம்பி நாயைக் கவனிப்பதை விட்டுவிடுவார். நாயை யாருமே பார்க்காத அந்த நொடியில்தான் கடி விழும்.

நான் முதலில் பார்ப்பது வாயை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று வாயை மூடினால் ஏதோ அதற்குப் பிடிக்கவில்லை. தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெள்ளைவிழி தெரியப் பார்க்கும். இதெல்லாம் 'தள்ளிப் போ' என்று மரியாதையாகக் கேட்பது. அதற்கும் நாம் அசையாவிட்டால் உடம்பு விறைத்து அப்படியே நின்றுவிடும். குரைக்கிற நாயைவிட அசையாமல் நிற்கிற நாயிடம்தான் எனக்குப் பயம்.

வாலை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால் சந்தோஷம். கம்பி மாதிரி மேலே நின்று நுனி மட்டும் வெடவெடவென்று ஆடினால் நெருங்கக் கூடாது. இத்தாலியில் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கமும், மிரட்டும் வேற்று நாயைக் கண்டால் இடப்பக்கமும் கூடுதலாகச் சாய்வதைக் காட்டியது. வேலியோரத்தில் நின்று இடம் வலம் பார்க்க நமக்கு எங்கே நேரம்? உயரமும் விறைப்பும் தெரிந்தால் போதும்.

உறுமினால் உடனே அடிக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. விருந்தாளி முன்னால் மானம் போகிறதாம். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், கோபம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேரே பல்தான். உறுமினால் அதட்ட வேண்டியது வந்தவரைத்தான் என்பேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

சம்பா அறுப்பு முடிந்து கழனியில் கிடை போட வருகிற ஆட்டுக்காரர்களிடம் வந்தவரை அதட்டும் பழக்கத்தைப் பார்க்கலாம். பட்டிக்கு வெளியே படுத்திருக்கும் நாயை நோக்கி எங்கள் தெருப் பிள்ளைகள் ஓடுவார்கள். பெரியவர் எழுந்து வந்து நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொள்வார். "அதுகிட்ட போவாத தம்பி, வேலையா இருக்குது." அதற்கு மேல் பேச்சில்லை. ஆகஸ்ட் 15க்கு முன்னால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மோப்பம் பிடித்துப் போகும் போலீஸ் நாய்க்கும் இதே சட்டம்தான். கயிற்றைப் பிடித்திருப்பவர் வேண்டாம் என்றால் செல்லம் கொஞ்சவும் கூடாது, செல்ஃபிக்குக் கூப்பிடவும் கூடாது. நமக்கென்னவோ மாமன் மச்சானிடம் 'வேணாம்' என்று சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை.

தொட்டுப் பார்க்கலாம் என்று நாய்க்காரரே சொன்னாலும் குனிந்து உச்சந்தலையில் கை வைக்காதீர்கள். மூக்கருகே கையை நீட்டவும் வேண்டாம். பக்கவாட்டில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருங்கள். நாயாக வந்து மோந்தால் மார்புப் பக்கம் இரண்டு தடவு தடவி நிறுத்துங்கள். மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தால் தொடரலாம், வராவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். கயிறு பிடித்தவர் அதை இறுக்கக் கூடாது. கழுத்து இறுகிய நாயும் சங்கிலியில் கிடக்கிற நாயும் விலகிப் போக வழியில்லாததால் எதிர்க்கத்தான் பார்க்கும்.

மீறிக் கடித்துவிட்டால் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்களுக்குக் கரிக்கலாம்பாக்கம் பக்கம். தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள், ஒன்றையும் விடக்கூடாது. நாய்க்கு வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது வளர்க்கிறவர் பொறுப்பு. வளர்ப்புப் பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

எங்கள் கொல்லைக்கு யார் வந்தாலும் வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாயைக் கொட்டகைக்குப் பின்னால், ஆள் கண்ணில் படாத இடத்தில் கட்டிவிட்டு வந்துதான் படலைத் திறப்பேன். மீட்டர் பார்க்க வருகிற தம்பி பழகிக்கொண்டார். என் மச்சினர்தான், "நான் என்ன அசலாளா?" என்று இன்னும் முணுமுணுக்கிறார்.