சராசரி மனிதன் எத்தனை கிலோ?

விமானத்தில் ஏறும் முன் பயணிகளை எடை பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தால் நம்ம ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். "மனுஷன் என்ன அரிசி மூட்டையா?" என்பார்கள். எடை கூடினால் டிக்கெட் காசும் கூடுமா என்பது அடுத்த கேள்வி. அதையும் ஒரு கம்பெனி செய்து பார்த்தது. சமோவா ஏர் என்ற சின்ன நிறுவனம் 2013-ல் கிலோ கணக்கில் கட்டணம் வாங்கியது. ஆனால் அது தனிக்கதை. மற்ற இடங்களில் இந்த எடைக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்லை. நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த மொமெண்ட்டும், லேப்பில் படித்த எரரும் சேர்ந்த விஷயம் இது. நண்பர்களே, அதை நம்ம பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

விமானம் கிளம்புவதற்கு முன் 'லோட் ஷீட்' என்று ஒரு தாள் தயாராகும். காலி விமானத்தின் எடை, எரிபொருள், சரக்கு, பயணிகள் எல்லாவற்றையும் கூட்டி, மொத்தம் எவ்வளவு, புவியீர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று அதில் காட்டுவார்கள். டேக் ஆஃப் வேகமும் இன்ஜினுக்குக் கொடுக்கும் த்ரஸ்ட்டும் இந்தக் கணக்கை நம்பித்தான். எரிபொருளுக்கு மீட்டர் இருக்கிறது. சரக்கு தராசில் ஏறுகிறது. பயணி மட்டும் பெரும்பாலும் ஏறுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியைப் போட்டுப் பெருக்கிவிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் பல ஆண்டுகள் புழங்கிய பட்டியல் ஒன்றில், 30 சீட்டும் அதற்கு மேலும் உள்ள விமானத்தில் பெரியவர் ஒருவருக்குக் கைப்பையோடு சேர்த்து 84 கிலோ. அதே பட்டியலில் 5 சீட்டுக்குள் அடங்கும் குட்டி விமானத்தில் ஆணுக்கு 104, பெண்ணுக்கு 86. குட்டி விமானத்தில் குண்டானவர்கள்தான் ஏறுவார்களா என்ன?

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. மனிதர்களின் எடை சராசரியிலிருந்து 15 கிலோ அளவுக்கு முன்பின்னாகச் சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம் (ஸ்டாண்டர்டு டீவியேஷன் 15). 225 பேர் ஏறினால் 225-ன் வர்க்கமூலம் 15. 15-ஐ 15-ஆல் வகுத்தால் 1. அதாவது அந்தக் கூட்டத்தின் சராசரி, போட்ட கணக்கிலிருந்து தலைக்கு ஒரு கிலோ அளவுதான் விலகும். ஒருத்தர் கூட, இன்னொருத்தர் குறைய, சரிக்குச் சரி ஆகிவிடும். 9 பேர் மட்டும் ஏறினால்? வர்க்கமூலம் 3. விலகல் தலைக்கு 5 கிலோ. ஈடுகட்ட அங்கே ஆள் போதாது. ஆகவே குட்டி விமானத்தில் ஒன்று கணக்கைத் தூக்கலாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆளையே நிறுத்துப் பார்த்துவிட வேண்டும். லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில் இம்பீரியல் ஏர்வேஸ் 1930-களிலேயே பயணிகளைத் தராசில் ஏற்றியது. தீவுகளுக்குப் போகும் சிறு விமானங்களில் இன்றைக்கும் எடை கேட்டோ பார்த்தோதான் சீட் கொடுக்கிறார்கள்.

இது ஒரு வகைப் பிழை. இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் பொல்லாதது. வெர்னியரில் ஜீரோ எரர் இருந்தால் பத்து ரீடிங் எடுத்து சராசரி பார்த்தாலும் போகாது, நூறு எடுத்தாலும் போகாது. மக்கள் வருஷா வருஷம் எடை கூடிக்கொண்டே வர, பட்டியல் மட்டும் பழையதாக இருந்தால் அதே கதைதான். தலைக்கு 5 கிலோ தப்பு என்றால் 225 பேருக்கு 1,125 கிலோ. இங்கே கூட்டம் பெரிதாக இருப்பது நமக்கு உதவாது, தப்பைத்தான் பெருக்கும்.

2003 ஜனவரி 8-ம் தேதி அமெரிக்காவின் சார்லட் நகரத்தில் ஏர் மிட்வெஸ்ட் கம்பெனியின் 19 சீட் பீச்கிராஃப்ட் 1900டி விமானம் கிளம்பிய உடனேயே விழுந்தது. 19 பயணிகளும் 2 பைலட்டுகளும் இறந்தார்கள். தாளில் பார்த்தால் எடை எல்லைக்குள்தான் இருந்தது. விசாரணையில் கணக்கிட்டபோது எல்லைக்கு மேல் சுமார் 260 கிலோ, பாரமும் வால் பக்கம் கூடுதல். வால் கனத்தால் மூக்கு தூக்கும். அதை அமுக்க எலிவேட்டரைக் கீழே இறக்க வேண்டும். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த மெயின்டனன்ஸில் எலிவேட்டர் கேபிளின் டர்ன்பக்கிளைத் தப்பாகத் திருகியிருந்தார்கள், செய்முறையின் சில ஸ்டெப்புகளைத் தாண்டிவிட்டார்கள். எலிவேட்டர் வேண்டிய அளவு இறங்கவில்லை. அப்படியிருந்தும் அதே விமானம் இடையில் சில தடவை நல்லபடியாகவே பறந்திருக்கிறது. பின்பாரமும் சேர்ந்த நாளில்தான் விழுந்தது. ஆகவே பழியை கேபிள் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. தராசுக்கும் ஸ்பேனருக்கும் அதில் சமபங்கு உண்டு. நம்மில் பலர் நாளைக்கு ஸ்பேனர் பிடிக்கப் போகிறவர்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்க விமானத்துறை சிறு விமானப் பயணிகளை எடை பார்த்தது. நிஜம் பட்டியலைவிடத் தலைக்கு சுமார் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ அதிகம். பட்டியலில் 10 பவுண்டு கூட்டினார்கள்.

தப்பு கம்ப்யூட்டரிலும் நுழையும். 2020 ஜூலையில் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் பால்மாவுக்குப் போன டியூஐ விமானத்தில் 'மிஸ்' என்று பதிந்த 38 பெண்களைப் புதிய சாஃப்ட்வேர் குழந்தைகளாக எடுத்துக்கொண்டது. 69 கிலோ போட வேண்டிய இடத்தில் 35. ப்ரோகிராம் எழுதிய நாட்டில் 'மிஸ்' என்றால் சிறுமி! லோட் ஷீட்டில் 1,200 கிலோவுக்கு மேல் காணாமல் போனது. நல்லவேளை, விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

சரி, எடை பார்ப்பது அவமானம் இல்லையா? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2016-ல் ஹவாயியன் ஏர்லைன்ஸ், ஹொனலுலு - பாகோ பாகோ மார்க்கத்தில் மட்டும், பாரத்தைப் பரப்ப வேண்டும் என்று முன்கூட்டி சீட் தேர்ந்தெடுப்பதை நிறுத்தியது. அமெரிக்க சமோவா மக்கள், எங்களை மட்டும் ஏன் என்று புகார் கொடுத்தார்கள். அரசு புகாரை ஏற்கவில்லை. கணக்கு சரியாகவே இருக்கட்டும், ஒரு ஊர்க்காரர்களை மட்டும் தனியாகப் பிரித்தால் அவர்களுக்கு வலிக்கத்தானே செய்யும்?

ஏர் நியூசிலாந்து செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2023 மே கடைசியில் தொடங்கி ஜூலை 2 வரை ஆக்லாந்திலிருந்து வெளிநாடு போகும் பயணிகளில் 10,000 பேரை எடை பார்க்கத் திட்டமிட்டார்கள். இஷ்டம் இருந்தால் ஏறலாம், கட்டாயம் இல்லை. தராசில் எண் காட்டும் திரையே கிடையாது, பக்கத்தில் நிற்கும் ஊழியருக்கும் தெரியாது. பையோடு ஏறி இறங்க வேண்டியதுதான். எண் நேரே கம்ப்யூட்டருக்குப் போய்விடும், பெயர் போகாது.