பீச்சுகிற தண்ணீரை நம்பாதீர்கள்

"தண்ணி நல்லாத்தான் பீச்சிச்சு அண்ணே, ஆனாலும் என்ஜின் பிடிச்சுக்கிச்சு." பிஸ்டன் இறுகிப்போன அவுட்போர்டு என்ஜினைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் இதையேதான் சொல்கிறார்கள். பின்பக்கத் துளையில் தாரை விழுந்தால் சூட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று குமரிக் கடற்கரையில் ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டார்களோ!

அந்தத் தாரை சொல்வது ஒன்றைத்தான்: கீழே இருக்கிற பம்பு தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதற்குமேல் அது எதற்கும் சாட்சியில்லை. பல என்ஜின்களில் தண்ணீர் தெர்மோஸ்டாட்டை எட்டும் முன்பே அந்தச் சிறு குழாய் பிரிந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டாலும், சிலிண்டரைச் சுற்றிய பாதையில் உப்பு கெட்டிப்பட்டாலும் வெளியே தாரை ஜோராக விழும். உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். ஆகவே பார்க்கவேண்டியது ஹெட்டை. கொஞ்ச நேரம் ஓடியபின் நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஹெட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. பிறகும் "பீச்சுதே" என்று வாதாட வராதீர்கள்.

தாரை நின்றுபோனாலும் கூத்துதான். உடனே "இம்பெல்லர் போச்சு" என்று அடிப்பகுதியை இறக்கிவிடுகிறார்கள். முதலில் என்ஜினை நிறுத்தித் தூக்கி, தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பாலித்தீன் பை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, தாரை விழும் துளையில் தடித்த தங்கூசியை விட்டுக் குத்துங்கள். பெரும்பாலும் உப்பும் மணலும்தான். அதற்கும் தண்ணீர் வராவிட்டால்தான் இம்பெல்லர். அதன் இதழ் ஒடிந்திருந்தால் புதிதை மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். ஒடிந்த துண்டு மேலே போய்ப் பாதையை அடைத்திருக்கும், தேடி எடுங்கள்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்தால் குளிர்ச்சியாக ஓடுமா? காரில் அது 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். கடல் தண்ணீர் உப்புப் படியவைக்கும் என்பதால் அவுட்போர்டில் பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். அதையும் எடுத்துவிட்டால் எரிபொருள் சரியாக எரியாமல் பிளக்கில் கரிதான் சேரும். சந்தேகமா? நூலில் கட்டிச் சுடுதண்ணீரில் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள்.

கரையில் "ஒரு நிமிஷம்" வறட்டு ஓட்டம் ஓட்டிப் பார்ப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு.

இத்தனைக்கும் மூலம் உப்பு. கரையேறியதும் நன்னீர் நிறைந்த டிரம்மில் அடிப்பகுதியை இறக்கி, தண்ணீர் இழுக்கும் துளைகள் நன்றாக முழுகும்படி வைத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் பாதி வழக்குகள் பட்டறைக்கே வராது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகினவே தவிர, பல ஊர்களில் கரையோரம் ஒரு நன்னீர்க் குழாய் வரவில்லை. ஏலக்கூடத்துக்குப் புதுக் கூரை கேட்டு மனுக் கொடுக்கிறீர்களே, அதே தாளில் ஒரு குழாயையும் ஒரு டிரம்மையும் சேர்த்து எழுதுங்கள்.