மாதிரி விமானமும் ஈர்ப்பு மையமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

வானில் விமானம் சென்றால் அண்ணாந்து பார்த்துக் கையசைப்பது நம் ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். நானும் அப்படிக் கையசைத்தவன்தான். ஆனால் 1930களில் அமெரிக்க இளைஞர் சிலர் தம் கையாலேயே பெரிய மாதிரி விமானங்களைக் கட்டி, பெட்ரோல் எஞ்சின் பொருத்தி, வானில் அனுப்பினர். 1942ஆம் ஆண்டு முடிவதற்குள் வடிவமைக்கப்பட்ட அத்தகைய மாதிரிகளை 'பழமை மாதிரிகள்' என்று போற்றி, பழைய வரைபடங்களின்படியே கட்டிப் பறக்கவிடும் ஆர்வலர்கள் இன்றும் உள்ளனர். அவ்விமானங்கள் பறக்கும் முறையையும், அவை எனக்குக் கற்பித்த பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ரப்பரிலிருந்து பெட்ரோலுக்கு

அதுவரை மாதிரி விமானங்கள் பெரும்பாலும் முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையால் பறந்தன. பிலடெல்பியா நகரத்து இளைஞர் பில் பிரவுன், உள்ளங்கையில் அடங்கும் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். அதன் கொள்ளளவு 10 கன சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அவர் நண்பர் மாக்ஸ்வெல் பாசெட் அவ்வகை எஞ்சினைத் தம் விமானத்தில் பொருத்தி, 1933இல் நடந்த தேசியப் போட்டியில் ரப்பர் விமானங்களோடு போட்டியிட்டுப் பரிசுகளைத் தட்டிச் சென்றார். அதன்பின் பெட்ரோல் விமானங்களுக்கெனத் தனிப் பிரிவே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. 1934 மே மாதத்தில் அவருடைய மற்றொரு விமானம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து, ஒரு மாநிலத்தில் ஏறி வேறொரு மாநிலத்தில் இறங்கியது! அதில் விமானியும் இல்லை. தரையிலிருந்து அதை இயக்குவாரும் இல்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு பெரிது?

அன்றைய மாதிரி எஞ்சின் தீப்பொறியால் இயங்கியது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரக் கம்பிச்சுருள், மின்தேக்கி, பாட்டரி ஆகிய மூன்றும் விமானத்திலேயே ஏற வேண்டும். இந்தச் சுமையைத் தாங்க இறக்கையின் பரப்பு மிகுதியாக வேண்டும். ஆகவேதான் எட்டடி அகல இறக்கைகளும் தோன்றின. 1947இல் ரே ஆர்டன் என்பவரின் 'குளோ பிளக்' விற்பனைக்கு வந்தது. பாட்டரியின் உதவியால் ஒருமுறை சூடேறி எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால், பின்னர் தானாகவே தணல் காக்கும் இழை அது. அதன்பின் பாட்டரியைச் சுமக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று, விமானங்களும் சிறுத்தன.

கட்டும் முறை

இவ்விமானங்களின் உயிர் பால்சா மரம். இதன் தாயகம் தென் அமெரிக்கா. ஈக்வடார் நாட்டிலிருந்து மிகுதியாக ஏற்றுமதியாகிறது. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையிருக்க, அதே அளவு பால்சா சுமார் 160 கிலோதான். என் தந்தை தச்சுத் தொழிலாளி. எழுத்து வாசனை இல்லாதவர். நான் கொண்டுவந்து கொடுத்த பால்சாத் துண்டைக் கையில் வாங்கியவர், "என்னப்பா இது, நெட்டி மாதிரி இருக்கு! இதையா மரம்ங்கிறே?" என்றார்.

வரைபடத்தைப் பலகை மீது விரித்து, அதன்மேல் குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டி உடற்கூட்டை அமைப்பர். இறக்கைக்கு விலா எலும்புகள் போன்ற பட்டிகளை வரிசையாக நிறுத்துவர். பெரிய விமானமாயின் பட்டுத்துணி போர்த்தி, 'டோப்' என்னும் பூச்சைத் தடவுவர். அது உலரும்போது துணி சுருங்கி, மேளத்தோல் போல் விறைப்பாகும். இறக்கைகளின் நுனிகள் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கினால், தாழ்ந்த இறக்கைக்குத் தூக்குவிசை கூடி அது மீண்டும் நிமிர இந்த உயர்வே காரணம்.

என் சிறு விமானம்

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுதலும் ஒரு பயிற்சி. சென்ற விடுமுறையில் நடந்த முகாமில் எனக்கு ஒரு சிறிய பால்சாக் கிளைடர் கிடைத்தது. எஞ்சின் இல்லாத விமானம் அது. கட்டி முடித்த மகிழ்ச்சியில் வாலுக்கு மூவண்ணமும் தடிப்பாகப் பூசினேன். எல்லோரும் பார்த்திருக்க வீசினேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது, ஒரு கணம் நின்றது, தரையில் விழுந்து இறக்கை முறிந்தது. நண்பர்கள் சிரித்தனர். நான் விசை போதவில்லை என்றெண்ணினேன்.

காரணம் என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. எடையை ஈர்ப்பு மையத்திலிருந்து உள்ள தூரத்தால் பெருக்குவதே திருப்புத்திறன். வாலில் பூசிய வண்ணம் 2 கிராம், தூரம் 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பெருக்கினால் 60 வரும். அதை ஈடுசெய்ய, 10 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள மூக்கில் 6 கிராம் வைக்க வேண்டும்! தேர்வில் இக்கணக்கைப் போட்டு முழு மதிப்பெண் பெற்றவன் நான். ஆயினும் இறக்கை முறிந்த பிறகுதான் அது எனக்கு விளங்கிற்று.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். "கட்டில் ஆடினா மேல மெத்தை போட்டு என்ன பண்றது? காலைத்தான் இழைக்கணும்" என்றார் தந்தை. சூத்திரம் அறியாமலே அவர் காரணத்தைச் சொல்லிவிட்டார். இறக்கையை ஒட்டி, வண்ணத்தைச் சுரண்டி, மூக்கில் சிறிது களிமண் வைத்து வீசினோம். எங்கள் தெருவின் பாதித் தூரம் நேராகச் சென்று இறங்கியது.

பறக்கவிடும் முறை

பழமை மாதிரிகளைப் பறக்கவிடுவோரும் இதே ஒழுங்கைக் கைக்கொள்கின்றனர். முதலில் எஞ்சினை இயக்காமல், உயர்ந்த புல்வெளியில் கையால் வீசிப் பார்ப்பர். அது சீராக மிதந்து இறங்கும்வரை எடையை முன்னும் பின்னும் மாற்றுவர். பிறகு எஞ்சினைக் குறைந்த விசையில், சில நொடிகள் மட்டும் ஓட்டுவர். வேகம் கூடினால் தூக்குவிசையும் கூடி மூக்கு மேலே எழும். அதைத் தடுக்க எஞ்சினைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துவர். பெட்ரோலோடு தடித்த எண்ணெயை மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலப்பதுண்டு. எரிபொருள் தீர்ந்ததும், அல்லது கடிகாரப் பொறி எஞ்சினை நிறுத்தியதும், விமானம் மிதந்து இறங்கும். வெப்பக் காற்றில் சிக்கினால் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். ஆகவே பின்னாளில் மெல்ல எரியும் திரி ஒன்றை வைத்தனர். திரி எரிந்து முடிந்ததும் வால் மேலே நிமிர்ந்து, விமானம் தட்டையாகக் கீழிறங்கும். இன்று பலரும் வானொலிக் கருவியைப் பொருத்தி அழைத்து வருகின்றனர்.

இவ்வழியிலும் முன்னோடிகள் மாணவர்களே. மிச்சிகனைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் 1937இல் தம் எட்டடி 'கஃப்' விமானத்தை வானொலியால் இயக்கினர். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

முடிவுரை

கைவிட்டுப் போனபின் திருத்த முடியாததைக் கையில் இருக்கும்போதே திருத்த வேண்டும் என்பதே இவ்விமானங்கள் தரும் பாடம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றால் போதும், உயர்ந்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். படித்ததைச் செய்து பார்க்காமல் பெறும் பட்டம், வாலில் பூசிய வண்ணம் போன்றது என்பதை இப்போது அறிகிறேன். மாணவ நண்பர்களே, ஒரு துண்டு மரமும் சிறிது பசையும் கிடைத்தால் நீங்களும் கட்டிப் பாருங்கள். முதல் முறை விழுந்தால் வருந்தாதீர்கள். ஏன் விழுந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.