வீட்டு பீரில் நுரை நிற்கவில்லையா?

நுரை நிற்கவில்லை என்றதும் எல்லோரும் முதலில் கைவைப்பது செய்முறையில். கோதுமை மால்ட்டைக் கூட்டுகிறார்கள், நுரைக்கென்று விற்கும் பொடியைத் தேடி அலைகிறார்கள். அதெல்லாம் அப்புறம். கிளாஸைப் பாருங்கள். (பிரிட்டன் போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் செய்தால் வழக்கு வரும்.)

நுரையே எழவில்லையா, எழுந்ததும் அமுங்கிவிடுகிறதா? எழவே இல்லையென்றால் வாயு போதவில்லை. பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை, 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம், பிறகு ஃபிரிட்ஜ். ஆசைப்பட்டுச் சர்க்கரையைக் கூட்டாதீர்கள், பாட்டில் வெடிக்கும்.

எழுந்து அமுங்குவதுதான் ஆளைப் படுத்தும். நுரையைத் தாங்குவது பார்லியின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும். கெடுப்பது எண்ணெய்ப் பசையும் சோப்பும். பளபளக்கும் கிளாஸிலும் இவை ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கிளாஸை நனைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே தூள் உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும், பசையிருக்கும் இடம் திட்டுத்திட்டாக வெறுமையாகத் தெரியும். ஊற்றிய பீரில் குமிழிகள் கிளாஸின் பக்கங்களில் அப்படியே ஒட்டி நின்றாலும் காரணம் அதுதான்.

சலவை சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, நன்றாக அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். துணி படவே கூடாது. டிஷ்வாஷரில் ஊற்றும் பளபளப்புத் திரவமும் எதிரிதான். பீர் கிளாஸ் பீருக்கு மட்டும். அதில் பால் குடிக்கிற வீட்டில் நுரையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உதட்டுச் சாயமும் மிக்சர் கொறித்த வாயும்கூட நுரையை அமுக்கிவிடும். அதை உங்கள் பீரின் கணக்கில் எழுதாதீர்கள்.

கிளாஸ் தேறியும் நுரை விழுகிறதா? இனிக் காய்ச்சும் முறைக்குப் போகலாம். மால்ட்டை 50 டிகிரியில் ஊறவிடச் சொல்லும் பழைய முறையை விட்டுவிடுங்கள். இன்றைய மால்ட்டில் புரதத்தை உடைக்கும் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. மறுபடி ஊறவைத்தால் நுரைக்கான புரதம்தான் சிதையும். நேராக 66, 67 டிகிரிக்குப் போங்கள். புளிக்கும்போது கலம் பொங்கி வழியாமல் மேலே இடம் விடுங்கள், வழிவதோடு நுரைப் புரதமும் போகிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் மட்டும், மொத்த மால்ட்டில் 5 முதல் 10 விழுக்காடு கோதுமை மால்ட் சேருங்கள். பொடி வேண்டவே வேண்டாம். தேங்காய்த் துருவல் போட்ட பீரில் நுரை நிற்கும் என்று காத்திருக்காதீர்கள்: அதில் எண்ணெய் பீருக்குள்ளேயே இருக்கிறது.